தலைமுடி அலங்காரமா, உறுப்பா?

1962ஆம் ஆண்டில் அமெரிக்க வருமான வரி இலாகாவின் முன் வித்தியாசமான கேள்வி ஒன்று வந்து நின்றது. நோயினால் தலைமுடி முழுவதையும் இழந்துவிட்ட ஒருவருக்கு, மருத்துவரின் ஆலோசனைப்படி பொய்முடி வாங்கப்படுகிறது. அந்தச் செலவை மருத்துவச் செலவாகக் கருதி வரிக் கழிவு கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்றது இலாகா. முடியை இழந்தவரின் மனநலத்திற்கு அது அவசியம் என்று மருத்துவர் கருதினால் அது மருத்துவச் செலவுதான் என்பது அந்த முடிவின் சாரம். அந்த விதி இன்றும் அங்கு நடப்பில் இருக்கிறது.

வரி வசூலிப்பவர்களை இளகிய மனம் படைத்தவர்கள் என்று எந்த நாட்டிலும் யாரும் சொல்லமாட்டார்கள். அவர்களே 60 ஆண்டுகளுக்கு முன்பு ஏற்றுக்கொண்ட ஒன்றை மருத்துவக் காப்புறுதியும் ஏற்கவேண்டும் என்பதற்காக நோயாளிகள் நடத்திவரும் போராட்டம் இன்னும் முடியவில்லை. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டவர்களின் தலையிலிருந்து முடி கொத்துக் கொத்தாக உதிர்வதை நம் குடும்பங்களிலும் பார்த்திருக்கிறோம். அந்தப் பொய்முடிக்கு யார் பணம் கட்டவேண்டும் என்ற கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு என்பதைத்தான் நம்மில் பலர் அறிந்திருப்பதில்லை.

வரி இலாகா அந்த முடிவை எடுத்து மூன்றே ஆண்டுகளில், 1965 ஜூலை 30ஆம் நாள், அதிபர் லிண்டன் ஜான்சன் மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டார். 65 வயதைக் கடந்தவர்களுக்காக அமெரிக்க அரசாங்கம் நடத்தும் காப்புறுதி இது. செயற்கைக் கால், செயற்கைக் கை, செயற்கைக் கண் ஆகியவற்றை அந்தச் சட்டம் பெயர் சொல்லியே சேர்த்துக்கொண்டது. மற்ற செயற்கைச் சாதனங்கள் எதுவாயினும், உடலின் ‘உள்ளுறுப்பு’ ஒன்றுக்கு மாற்றாக அமையவேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டது. தலைமுடி உள்ளுறுப்பு அல்லவே! எனவே பொய்முடிக்குக் கதவு அடைபட்டது.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். செயற்கைக் காலால் நடக்கலாம். செயற்கைக் கண்ணால் பார்க்க முடியுமா? முடியாது. கண் குழியின் வடிவம் கெடாமல் காப்பது போன்ற பயன்கள் அதற்கு உண்டு என்றாலும், ஒருவர் அதை அணிவதன் முதல் காரணம் நான்கு பேர் முன்னால் போய் நிற்பதற்குத்தான். அந்தக் காரணம் கண்ணுக்குப் பொருந்தும், முடிக்குப் பொருந்தாது என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்க வாய்ப்பில்லை. அவர்கள் முடியைப் பற்றி யோசிக்கவே இல்லை என்பதுதான் உண்மையாக இருக்கும். 1965இல் மருந்தினால் முடி இழந்து நடமாடிய நோயாளிகள் அவ்வளவு பேர் இல்லை. முடி உதிர்தலுக்குப் பேர்போன டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 1974இல்தான். பாக்லிடாக்செல் வந்தது 1992இல். மருந்துகள் பெருகின, பிழைப்பவர்கள் பெருகினார்கள், மொட்டைத் தலையோடு வேலைக்கும் கடைக்கும் போகவேண்டியவர்களும் பெருகினார்கள். சட்டத்தின் வாசகம் மட்டும் அப்படியே இருந்தது.

பிரிட்டனில் கேலிப்பொருளான பொய்முடி

அமெரிக்காவுக்கு முன்பே பிரிட்டன் வேறு பாதையில் போயிருந்தது. 1948 ஜூலை 5ஆம் நாள் அங்கு தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோது, மூக்குக் கண்ணாடி, பல்செட்டு ஆகியவற்றோடு பொய்முடியும் நோயாளிகளுக்கு இலவசமாகக் கிடைத்தது. போரில் களைத்துப்போன நாடு, ரொட்டிக்கும் இறைச்சிக்கும் பங்கீட்டு அட்டை வைத்திருந்த நாடு, இதைச் செய்தது.

ஆனால் பத்திரிகைகளுக்கும் எதிர்ப்பாளர்களுக்கும் இந்த ‘இலவச விக்’ நல்ல தீனியாக அமைந்தது. அரசாங்கப் பணம் எப்படி விரயமாகிறது பாருங்கள் என்று சொல்ல நினைப்பவர்கள் இருதய சிகிச்சையைக் காட்டமாட்டார்கள். பொய்முடியைத்தான் காட்டினார்கள். கேலிச் சித்திரத்திற்கு அதுதான் வசதி.

செலவு கட்டுக்கடங்காமல் போனதும் கட்டணங்கள் வந்தன. 1951இல் தொழிற்கட்சி அரசாங்கமே கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் கட்டணம் விதிக்க முடிவெடுத்தது. சுகாதாரச் சேவையை உருவாக்கிய அனைரின் பெவன் அதை எதிர்த்து அந்த ஏப்ரலில் அமைச்சர் பதவியையே துறந்தார். அடுத்த ஆண்டு, கன்சர்வேட்டிவ் அரசாங்கம் மருந்துச் சீட்டுக்கும், சில உபகரணங்களுக்கும் கட்டணம் விதித்தபோது பொய்முடியும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. கண்ணாடிக்காக ஓர் அமைச்சர் பதவி விலகினார். பொய்முடிக்காக யாரும் விலகவில்லை.

என்றாலும் பிரிட்டன் அதை அடியோடு கைவிடவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். 2024இல் இங்கிலாந்தில் செயற்கை இழைப் பொய்முடிக்கு நோயாளி கட்டவேண்டியது சுமார் 80 பவுண்டு. அளவெடுத்துச் செய்யும் மனிதமுடி விக் என்றால் 300 பவுண்டுக்கு மேல். சிறுவர்களுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுபவர்களுக்கும் கட்டணம் கிடையாது. ஸ்காட்லாந்திலும் வேல்சிலும் எவருக்குமே கிடையாது. ஒரே ராணியின் கீழ், பிறகு ஒரே மன்னரின் கீழ், எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை!

350 டாலர்

அமெரிக்காவில் மத்திய அரசாங்கம் கதவை மூடியதால் நோயாளிகள் மாநிலம் மாநிலமாகப் படியேறினார்கள். 1987இல் மின்னசோட்டா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. தனியார் மருத்துவக் காப்புறுதி நிறுவனங்கள் பொய்முடிக்கு ஆண்டுக்கு 350 டாலர் வரை கொடுக்கவேண்டும். ஆனால் ஒரே ஒரு நோய்க்குத்தான். அதன் பெயர் அலோபீசியா ஏரியாட்டா.

இந்த நோயை நம் மக்கள் புழுவெட்டு என்பார்கள். புழு எதுவும் வெட்டுவதில்லை. உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே வழிதவறி மயிர்க்கால்களைத் தாக்குவதால் முடி வட்ட வட்டமாகக் கொட்டுகிறது. சிலருக்குத் தலை முழுவதும், புருவமும் இமையும்கூடப் போய்விடும். நூறு பேரில் இருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வரக்கூடும் என்கிறது மருத்துவம். உயிருக்கு ஆபத்தில்லை. அதனாலேயே காப்புறுதி நிறுவனங்கள் இதை ‘அழகு சம்பந்தப்பட்டது’ என்ற பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டன. அந்தப் பெட்டியை முதலில் நெம்பித் திறந்தவர்களில் இந்த நோயாளிகளுக்கு முக்கிய இடம் உண்டு.

மற்ற மாநிலங்கள் தொடர்ந்தன. ஆனால் ஒவ்வொன்றும் தன் விருப்பப்படி கோடு கிழித்துக்கொண்டது. மாசசூசெட்ஸ், புற்றுநோய் அல்லது இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையால் முடி இழந்தவர்களுக்கு 350 டாலர் என்றது. கனெக்டிகட், புற்றுநோய் நிபுணர் எழுதித் தந்தால் 350 டாலர் என்றது. மேரிலாந்திலும் அதே 350. ஓக்லஹோமா 150 டாலரோடு நிறுத்திக்கொண்டது. ஆக, மின்னசோட்டாவில் புழுவெட்டு வந்தவருக்குக் கிடைக்கும், புற்றுநோயாளிக்குக் கிடைக்காது. மாசசூசெட்சில் புற்றுநோயாளிக்குக் கிடைக்கும், புழுவெட்டு வந்தவருக்குக் கிடைக்காது. இருவர் தலையிலும் முடி இல்லை என்பது மட்டும் பொது.

அந்த 350 என்ற தொகையையும் கவனிக்க வேண்டும். 1987இல் 350 டாலருக்கு ஓரளவு நல்ல பொய்முடி வாங்கலாம். விலைவாசியை வைத்துக் கணக்குப் போட்டால் அன்றைய 350 டாலர் 2023இல் ஏறக்குறைய 940 டாலருக்குச் சமம். ஆனால் சட்டப் புத்தகத்தில் எழுதிய தொகை தானாக வளராது. மின்னசோட்டா தன் சட்டத்தை 2023இல்தான் திருத்தி, உச்ச வரம்பை 1,000 டாலராக்கியது. புற்றுநோய்ச் சிகிச்சை உட்பட எந்த உடல்நலக் காரணத்தினால் முடி போனாலும் செல்லும் என்றும் அப்போதுதான் சேர்த்தது. ஒரு கோடு அழிய 36 ஆண்டுகள்!

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. பெரிய நிறுவனங்கள் பல, காப்புறுதி நிறுவனத்திடம் முழுப் பொறுப்பையும் விடாமல், ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தங்கள் பணத்திலேயே ஏற்கின்றன. 1974ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டத்தின்படி இத்தகைய திட்டங்களை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தாது. முதலாளி வழியாகக் காப்புறுதி பெறும் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இப்படிப்பட்ட திட்டங்களில்தான் இருக்கிறார்கள். மாநிலச் சட்டமன்றத்தில் வென்ற வெற்றி இவர்கள் வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது.

1998இல் கூட்டரசுக்கு ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. மார்பகத்தை அகற்றும் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கொடுக்கும் காப்புறுதித் திட்டம், மார்பகச் சீரமைப்புக்கும் செயற்கை மார்பகத்திற்கும் கொடுத்தே ஆகவேண்டும் என்ற சட்டம் அந்த அக்டோபரில் நிறைவேறியது. நல்ல சட்டம்தான். அதே மாது, அதே நோய், அதே சிகிச்சை. ஆடைக்குள் மறைந்திருக்கும் இழப்பைச் சட்டம் பார்த்தது. எல்லார் கண்ணிலும் படும் இழப்பை அது பார்க்கவில்லை.

முடி எங்கிருந்து வருகிறது?

விலையைப் பற்றிப் பேசும்போது முடி எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இந்த வரலாற்றில் நம் மக்களின் தலைகளும் இருக்கின்றன.

1960களில் அமெரிக்க மாதர்களிடையே பொய்முடி ஒரு நாகரிகமாகப் பரவியது. ஹாங்காங் தொழிற்சாலைகள் சீனாவிலிருந்து முடி வாங்கி விக் செய்து அனுப்பின. 1965இல் அமெரிக்கா இதற்குத் தடை போட்டது. கம்யூனிஸ்டு நாட்டின் முடி அமெரிக்கத் தலையில் ஏறக்கூடாதாம்! முடிக்கும் அரசியல் உண்டு என்று உலகம் அன்று தெரிந்துகொண்டது. அதன் பலன் தென்கொரியாவுக்கும், மூல முடியை விற்ற இந்தியா போன்ற நாடுகளுக்கும் போனது. தென்கொரியாவில் பொய்முடி முக்கிய ஏற்றுமதிப் பொருள்களில் ஒன்றாக உயர்ந்தது. குறைந்த சம்பளத்தில் அதைப் பின்னியவர்கள் கிராமத்துப் பெண்கள். 1979 ஆகஸ்டில், மூடப்பட்ட ஒய்.எச். விக் நிறுவனத்தின் பெண் தொழிலாளர்கள் சோலில் எதிர்க்கட்சித் தலைமையகத்தில் மறியல் செய்தபோது போலீஸ் உள்ளே புகுந்தது. ஓர் இளம் தொழிலாளி உயிரிழந்தார். அதைத் தொடர்ந்த அரசியல் கொந்தளிப்பின் நடுவில்தான் அந்த அக்டோபரில் அதிபர் பார்க் சுங் ஹீ சுட்டுக் கொல்லப்பட்டார்.

திருப்பதியிலும் பழனியிலும் பக்தர்கள் காணிக்கையாக இறக்கும் முடி ஏலத்திற்குப் போகிறது. நீளமான, சாயம் படாத பெண்களின் முடிக்குத்தான் உயர்ந்த விலை. சென்னைப் பகுதித் தொழிற்சாலைகள் அதைத் தரம் பிரித்து உலகெங்கும் அனுப்புகின்றன. 2004 மே மாதத்தில் ஜெருசலேமின் மூத்த யூத மதகுரு யோசெஃப் ஷாலோம் எல்யாஷிவ், கோயிலில் இறக்கிய முடியால் செய்த விக்கை யூதப் பெண்கள் அணியலாகாது என்று தீர்ப்பளித்தார். திருமணமான மாதர்கள் தலைமுடியை மறைக்கவேண்டும் என்பது பழைமைவாத யூதர்களின் வழக்கம். நியூயார்க்கின் புரூக்ளினில் விலையுயர்ந்த பொய்முடிகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள். திருப்பதியில் மொட்டை போட்ட மூதாட்டிக்கு இது தெரிந்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார்.

மொட்டை நமக்குப் புதிதல்ல. தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத்தில் குழந்தை முதல் கிழவர் வரை சந்தனம் பூசிய தலையோடு நடப்பதைப் பார்க்கிறோம். அது நேர்த்திக்கடன், அதில் வெட்கமில்லை. ஆனால் அதே சமுதாயம்தான் ஒரு காலத்தில் கைம்பெண்ணின் தலையை மழித்து மூலையில் உட்கார வைத்தது. தானே கொடுத்த முடிக்கும் பறிக்கப்பட்ட முடிக்கும் உள்ள வித்தியாசத்தை நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. மருந்து ஏற்றிய இரண்டு மூன்று வாரத்தில் தலையணையெல்லாம் முடியாகக் கிடப்பதைப் பார்க்கும் பெண், வேண்டுதல் செய்துகொண்டவள் அல்லள்.

நீதிமன்றம் சொன்ன விந்தை

ஜெர்மனியில் சட்டமுறைக் காப்புறுதி 1883இல் பிஸ்மார்க் காலத்திலேயே தொடங்கிவிட்டது. நோயினால் முடி முழுவதையும் இழந்த மாதர்களுக்கு அங்கு காப்புறுதி பொய்முடி தருகிறது. ஆடவருக்கு? முடி முழுவதையும் இழந்த ஒரு முதியவரின் வழக்கு கூட்டரசு சமூக நீதிமன்றம் வரை போனது. 2015 ஏப்ரல் 22ஆம் நாள் தீர்ப்பு வந்தது. கொடுக்கவேண்டியதில்லை. பெரும்பாலான ஆடவர்களுக்கு வயதானால் வழுக்கை விழுகிறது, எனவே வழுக்கைத் தலை ஆடவரை யாரும் வெறித்துப் பார்ப்பதில்லை, பெண்ணை அப்படிப் பார்க்கிறார்கள் என்பது காரணம். புருவம், இமை, தாடி எல்லாம் உதிர்ந்து தோற்றமே மாறிவிட்டால் மட்டும் ஆடவருக்கும் பரிசீலிக்கலாம் என்றது நீதிமன்றம்.

அந்த முதியவருக்கு இதில் நியாயம் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் தீர்ப்பில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. பொய்முடியின் தேவை தலையில் இல்லை, பார்ப்பவர் கண்ணில் இருக்கிறது என்று ஓர் உயர் நீதிமன்றமே எழுதிக் கொடுத்துவிட்டது. அப்படியானால் அதை ‘அழகு’ என்று எப்படித் தள்ளுவது? நான்கு பேர் நடுவில் நடமாட முடியாமல் ஒருவர் வீட்டுக்குள் முடங்கினால் அது ஊனம்தானே.

பிரான்சு வேறு விதமாக யோசித்தது. அங்கே பல ஆண்டுகளாக 125 யூரோ மட்டுமே கிடைத்துவந்தது. 2019 ஏப்ரலில் விதியை மாற்றினார்கள். 350 யூரோவுக்குள் இருந்த பொய்முடிக்கு முழுத் தொகையும் திரும்பக் கிடைத்தது. அதற்கு மேல் 700 யூரோ வரையிலான ரகத்திற்கு 250 யூரோ கிடைத்தது. கடைக்காரர் விலையை ஏற்றுவதற்கும் இதனால் ஒரு கடிவாளம். உதவித் தொகை உயரும்போது விலையும் சேர்ந்து உயரும் என்ற பயம் காப்புறுதித் தரப்பினர் வழக்கமாகச் சொல்வதுதான். அந்தப் பயம் நியாயமானதே என்பதால்தான் பிரான்சு இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வரம்பு கட்டியது.

காப்புறுதி நிறுவனங்களின் இன்னொரு வாதம், இன்று பொய்முடி, நாளை என்ன என்பது. வயதினால் வரும் வழுக்கைக்கும் கேட்பார்களே! ஆனால் மேலே சொன்ன மாநிலச் சட்டங்கள் மருத்துவரின் எழுத்தையும், ஆண்டுக்கு ஓர் உச்சவரம்பையும் வைத்து இந்தக் கோட்டை நீண்ட காலமாகக் கிழித்துவந்திருக்கின்றன. தரும அமைப்புகள் இலவசமாகக் கொடுக்கின்றனவே என்பாரும் உண்டு. உண்மை. அமெரிக்காவில் 1997 முதலும், பிரிட்டனில் 2006 முதலும் சிறுவர்களுக்குப் பொய்முடி தரும் அறநிறுவனங்கள் நல்ல சேவை செய்கின்றன. ஆனால் மாதம் தவறாமல் சந்தா கட்டியவர், நோய் வந்த நாளில் நன்கொடைக்காக வரிசையில் நிற்கவேண்டுமா?

சிங்கப்பூரில் 2003 முதல் சிறுவர் புற்றுநோய் அறநிறுவனம் நடத்திவரும் மொட்டை போடும் நிதி திரட்டு நிகழ்ச்சியை நம் வாசகர்கள் அறிவார்கள். 2013இல் அதற்காக முடி இறக்கிய சில மாணவிகளை, விக் அணிந்துதான் வகுப்புக்கு வரவேண்டும் என்று அவர்களின் பெண்கள் பள்ளி கூறியது பெரிய விவாதமானது. பின்னர் பள்ளி விட்டுக்கொடுத்தது. நோயாளிக் குழந்தைகளுக்குத் துணையாக மொட்டை போட்ட ஆரோக்கியமான பெண்களுக்கே பள்ளி வாசலில் இந்த நிலை என்றால், உண்மையான நோயாளி மாணவியின் காலைப் பொழுது எப்படி இருக்கும்?

அமெரிக்காவில் இந்தக் கேள்வி அண்மைக் காலத்தில் நாடாளுமன்றத்துக்குள்ளேயே வந்துவிட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த மக்களவை உறுப்பினர் அயான்னா பிரெஸ்லி, தமக்கு அலோபீசியா இருப்பதை 2020 ஜனவரியில் ஒரு காணொளியில் மொட்டைத் தலையோடு தோன்றிக் கூறினார். அதிபர் டிரம்ப் மீதான 2019 டிசம்பர் குற்றச்சாட்டு வாக்கெடுப்புக்கு முந்திய இரவில்தான் அவரது கடைசி முடியும் உதிர்ந்ததாம். மறுநாள் பொய்முடி அணிந்து போய் வாக்களித்திருக்கிறார்.

2022 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த நோய்க்கு பாரிசிடினிப் என்ற மாத்திரையை அனுமதித்தது. 2023இல் இன்னொன்றும் வந்தது. அவற்றுக்கு ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். எல்லாருக்கும் முடி வளரும் என்ற உறுதியும் இல்லை. முடி உதிர்வது நோய்தான் என்று மருந்து அனுமதியே ஒப்புக்கொண்டுவிட்டது. சில நூறு டாலர் பொய்முடிக்கு மட்டும் இன்னும் வழக்கு நடக்கிறது.

பிரெஸ்லியும் அதே மாநிலத்தின் ஜிம் மெக்கவர்னும் சேர்ந்து முன்வைத்த மசோதா, சக்கர நாற்காலி இடம்பெறும் அதே மருத்துவ உபகரணப் பட்டியலில் பொய்முடியையும் சேர்த்து, மெடிகேர் அதற்குப் பணம் கொடுக்கவேண்டும் என்கிறது. அமெரிக்க மருத்துவக் கட்டணப் பட்டியலில் பொய்முடிக்கு ஏ9282 என்று ஓர் எண்கூட ஏற்கெனவே இருக்கிறது. மசோதா ஒன்றுக்கு மேற்பட்ட முறை தாக்கல் செய்யப்பட்டும் 2024ஆம் ஆண்டு முடியும்வரை சட்டமாகவில்லை.